அலை, ஒலி, மின்சாரம்: அடிக்கடி குழப்பும் சொற்களும் அவற்றுக்கான பதில்களும்

அலை, ஒலி, மின்சாரம் ஆகிய மூன்று பாடங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது, எது இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுப் பழகிவிட்டால், மூன்று பாடங்களிலும் பாதிச் சொற்கள் தாமே பிடிபட்டுவிடும்.

அலை என்றால் சரியாக என்ன?

ஒரு கயிற்றின் நுனியைச் சுவரில் கட்டிவிட்டு, மறுநுனியைக் கையில் பிடித்து ஓர் உதறு உதறுங்கள். ஒரு மேடு கிளம்பிச் சுவர்வரை ஓடும். இப்போது கயிற்றின் நடுவில் சிவப்பு நூல் ஒன்றை முடிந்துவிட்டு மறுபடி உதறுங்கள். நூல் மேலே எழும்பி, கீழே இறங்கி, இருந்த இடத்துக்கே வந்து நிற்கும். சுவரை நோக்கி ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்காது. ஓடிப்போனது அசைவும் அதோடு சேர்ந்த ஆற்றலும்தான். அந்த ஓட்டத்துக்குப் பெயர் அலை. அது எதன் வழியே ஓடுகிறதோ அது ஊடகம். கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: சுவரில் மோதிய மேடு, பள்ளமாகத் திரும்பி வரும்.

வீச்சு, அலைநீளம், அலைவு நேரம், அதிர்வெண் நான்கையும் எப்படிப் பிரித்து நினைவில் வைப்பது?

ஓடும் அலையை ஒரு புகைப்படம் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் இரண்டை அளக்கலாம். ஒரு முகட்டிலிருந்து (மேட்டின் உச்சி) அடுத்த முகடு வரை உள்ள தொலைவு அலைநீளம். நடுக்கோட்டிலிருந்து முகடு வரை உள்ள உயரம் வீச்சு. முகட்டிலிருந்து அகடு (பள்ளத்தின் அடி) வரை அளந்து அதையே வீச்சு என்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். அது வீச்சைப் போல இரண்டு மடங்கு.

மற்ற இரண்டும் புகைப்படத்தில் கிடைக்காது. ஓரிடத்தில் கண்ணை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடம் ஒருமுறை முழுதாக ஆடி முடிக்க ஆகும் நேரம் அலைவு நேரம். ஒரு வினாடியில் எத்தனை முறை ஆடுகிறது என்பது அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். 1-ஐ இவற்றில் ஒன்றால் வகுத்தால் மற்றது வந்துவிடும். 0.02 வினாடி அலைவு நேரம் என்றால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்.

தேர்வில் வரைபடம் கொடுத்தால் முதலில் கிடைக்கோட்டு அச்சைப் பாருங்கள். அங்கே தொலைவு இருந்தால் அலைநீளம் படிக்கலாம், நேரம் இருந்தால் அலைவு நேரம் படிக்கலாம். வளைகோடு இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால்தான் மதிப்பெண் போகிறது.

சில நூல்களில் "மீடிறன்" என்று இருக்கிறதே, அது வேறா?

அதிர்வெண்தான். இலங்கைப் பாடநூல்கள் மீடிறன் என்கின்றன. நெட்டலையை நெட்டாங்கு அலை என்கின்றன. கவனிக்க வேண்டியது "வேகம்". தமிழ்நாட்டு நூல்களில் வேகம் என்றால் திசையைக் கணக்கில் கொள்ளாத அளவு, திசையும் சேர்ந்தால் திசைவேகம். இலங்கை நூல்களில் முதலாவது கதி, இரண்டாவதுதான் வேகம். இணையத்தில் இரண்டு வகை நூல்களையும் கலந்து படிப்பவர்கள் இங்கே இடறுவார்கள். இந்தப் பக்கம் முழுவதும் தமிழ்நாட்டு வழக்குதான்.

அதிர்வெண்ணைக் கூட்டினால் அலை வேகமாகப் போகுமா?

போகாது. வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்ற சமன்பாட்டைப் பார்த்து, ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்று முடிவு கட்டுவதால் வரும் சிக்கல் இது. அதிர்வெண்ணை முடிவு செய்வது அலையைக் கிளப்பும் பொருள். வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஊடகம். இரண்டுக்கும் ஏற்ப அலைநீளம் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 440 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் காற்றில் அலைநீளம் ஏறத்தாழ 78 சென்டிமீட்டர். அதே ஒலி நீருக்குள் நுழைந்தால் அதிர்வெண் 440 ஆகவே இருக்கும், வேகம் நான்கு மடங்குக்கும் மேலாகும், அலைநீளம் 3.4 மீட்டர் அளவுக்கு நீண்டுவிடும்.

குறுக்கலை, நெட்டலை: வேறுபாடு என்ன?

ஊடகம் ஆடும் திசையும் அலை ஓடும் திசையும் செங்குத்தாக இருந்தால் குறுக்கலை. கயிற்றில் பார்த்தது அதுதான். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் நெட்டலை. காற்றில் ஒலி நெட்டலை. அதில் மேடு பள்ளம் கிடையாது. துகள்கள் நெருங்கும் இறுக்கங்களும் விலகும் தளர்ச்சிகளும் மாறி மாறி வரும். புத்தகத்தில் ஒலியை வளைகோடாக வரைவது அழுத்தம் கூடிக் குறைவதைக் காட்டத்தான். காற்று பாம்பு போல் நெளிகிறது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

பூகம்பத்தில் இரண்டும் கிளம்பும். நெட்டலை முதலில் வந்து சேரும், குறுக்கலை பின்னால் வரும். நீர்மத்தின் உள்ளே குறுக்கலை பரவ முடியாது. பூமியின் நடுவைத் தாண்டி மறுபக்கம் வர வேண்டிய குறுக்கலைகள் வராமல் போனதிலிருந்துதான், பூமியின் வெளிக்கரு உருகிய நிலையில் இருக்கிறது என்று தெரிந்தது.

ஒலி ஏன் வெற்றிடத்தில் கேட்பதில்லை?

நெருங்கவும் விலகவும் துகள் இல்லை. ராபர்ட் பாயில் 1660-இல் வெளியிட்ட சோதனைகளில் இதுவும் ஒன்று: கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு கடிகாரத்தை நூலில் தொங்கவிட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தார், டிக் டிக் ஓசை அடங்கிப்போனது. நூலில் தொங்கவிட்டது வெறும் வசதிக்காக இல்லை. கடிகாரம் கலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒலி கண்ணாடி வழியே வெளியேறிவிடும்.

ஒலியின் வேகம் எவ்வளவு? காற்று அடர்த்தியானால் கூடுமா?

20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர், நீரில் 1,480 மீட்டர் அளவு, இரும்பில் 5,000 மீட்டருக்கும் மேல். அடர்த்தி கூடினால் வேகம் கூடும் என்று இந்த வரிசையைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். உண்மையில் அடர்த்தி மட்டும் கூடினால் வேகம் குறையவே செய்யும். நீரும் இரும்பும் அமுங்க மறுக்கும் விறைப்பு காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம் என்பதால்தான் அவற்றில் ஒலி விரைகிறது. காற்றில் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் வேகம் வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். வெப்பநிலை மாறாமல் அழுத்தம் மட்டும் மாறினால் வேகம் மாறாது.

நியூட்டன் போட்ட கணக்கு உண்மை மதிப்பைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக வந்தது. இறுக்கமும் தளர்ச்சியும் நிகழும்போது வெப்பநிலை மாறாது என்று அவர் எடுத்துக்கொண்டார். அவ்வளவு விரைவில் வெப்பம் வெளியேற நேரமில்லை என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் திருத்திய பிறகு கணக்கு சரியாக அமைந்தது.

சுருதி, உரப்பு, ஒலிப்பண்பு?

மூன்றும் காது சொல்பவை. கருவி அளப்பது முறையே அதிர்வெண், செறிவு (ஒரு பரப்பில் வினாடிக்கு வந்து சேரும் ஒலி ஆற்றல்), அலையின் வடிவம். அதிர்வெண் கூடினால் சுருதி ஏறும். இரட்டித்தால் ஒரு ஸ்தாயி மேலே போகும், 440-க்கு மேல்ஸ்தாயி 880. வீச்சு கூடினால் உரப்பு, அதாவது சத்தம், கூடும். ஒரே சுருதியை ஒரே உரப்பில் புல்லாங்குழலும் வயலினும் வாசித்தாலும் எது எது என்று தெரிகிறதே, அது ஒலிப்பண்பு. அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளான மேற்சுரங்கள் எந்தெந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து அது அமையும்.

60 டெசிபல் 30 டெசிபலைப் போல இரண்டு மடங்கா?

செறிவில் ஆயிரம் மடங்கு. டெசிபல் அளவுகோலில் ஒவ்வொரு 10-உம் செறிவைப் பத்தால் பெருக்கும். 20 கூடினால் நூறு மடங்கு, 30 கூடினால் ஆயிரம். ஒரே மாதிரி இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஓடினால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கோ 10 டெசிபல் ஏறினால்தான் "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றும். பூஜ்ய டெசிபல் என்பது முழு அமைதியும் இல்லை. மனிதக் காதுக்குக் கேட்கத் தொடங்கும் எல்லை அது. அதைவிட மெல்லிய ஒலிக்கு டெசிபல் எதிர்மறை எண்ணாக வரும்.

எதிரொலியும் எதிர்முழக்கமும் ஒன்றுதானா?

எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமானால் முதல் ஒலிக்கும் திரும்பி வருவதற்கும் இடையே ஏறத்தாழ 0.1 வினாடி வேண்டும். அதற்குச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதற்குள் பல பக்கமிருந்தும் திரும்பி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இழுபடுவது எதிர்முழக்கம். காலியான அறையில் குரல் "குகை" போல் கேட்பது அதனால்தான்.

ஒத்ததிர்வு என்றால் என்ன? பாலமே இடிந்துவிடுமாமே?

ஒவ்வொரு பொருளுக்கும் தானே ஆட விடும்போது ஆடும் இயல்பு அதிர்வெண்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அந்த அதிர்வெண்ணோடு பொருந்தினால் ஒவ்வொரு தள்ளும் முந்தைய தள்ளோடு கூடி, வீச்சு பெருகிக்கொண்டே போகும். அதுதான் ஒத்ததிர்வு.

இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவை) தட்டி அதன் அடிக்காம்பை மேசையில் ஊன்றினால் ஒலி பெரிதாகிறதே, அதையும் ஒத்ததிர்வு என்று எழுதிவிடுகிறார்கள். அது திணிப்பதிர்வு. மேசைக்கு அந்த அதிர்வெண் இயல்பானதாக இருக்க வேண்டியதில்லை. கவை ஆட்டுகிறது, பலகை ஆடுகிறது, பரப்பு பெரிது என்பதால் நிறையக் காற்று அசைகிறது. கவனித்தால் தெரியும்: மேசையில் ஊன்றிய கவை கையில் பிடித்த கவையைவிடச் சீக்கிரம் ஓய்ந்துபோகும். ஆற்றல் விரைவாக வெளியேறுவதற்குக் கொடுக்கும் விலை அது. அதே கவையை நீரின் மேற்பரப்பில் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்கு அசையாதது போலிருந்த நுனி நீரைச் சிதறடிக்கும்.

பாலத்துக்கு வருவோம். 1831-இல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம் படைவீரர்களின் ஒரே சீரான நடையால் சரிந்தது. ஒத்ததிர்வுக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு. எல்லாப் புத்தகமும் காட்டும், 1940-இல் அமெரிக்காவில் இடிந்த டகோமா நேரோஸ் பாலத்தின் கதை அவ்வளவு எளிதானது இல்லை. அங்கே காற்று சீராகத்தான் வீசியது. பாலத்தின் முறுக்கமே காற்றோட்டத்தை மாற்றி, அந்தக் காற்று மேலும் முறுக்கி, ஒன்றையொன்று வளர்த்துவிட்டன. அந்தப் படத்தைப் போட்டு "ஒத்ததிர்வு" என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பில்லை.

விம்மல்கள்?

நெருங்கிய அதிர்வெண் கொண்ட இரண்டு ஒலிகள் சேர்ந்து ஒலிக்கும்போது உரப்பு ஏறி இறங்குவது. 440-உம் 443-உம் சேர்ந்தால் வினாடிக்கு 3 விம்மல்கள். கம்பி வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பவர்கள் விம்மல் மெதுவாகி மறையும்வரை முறுக்காணியைத் திருப்புவார்கள்.

டாப்ளர் விளைவில் வண்டி நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போகுமா?

ஒலிக்கும் பொருளோ கேட்பவரோ நகர்வதால் சுருதி மாறிக் கேட்பதுதான் டாப்ளர் விளைவு. சுருதி ஏறிக்கொண்டே போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஏறிக்கொண்டே போவது உரப்பு. சீரான வேகத்தில் நேராக நம்மை நோக்கி வரும் வண்டியின் சுருதி, நிற்கும்போது இருப்பதைவிட உயர்ந்து, அதே உயரத்தில் நிற்கும். நம்மைக் கடக்கும்போது சட்டென இறங்கி, பிறகு அந்தத் தாழ்ந்த இடத்தில் நிற்கும். 700 ஹெர்ட்ஸ் சைரனோடு மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்குக் கணக்குப் போட்டால், வரும்போது 743 ஹெர்ட்ஸ், போகும்போது 661.

இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் இதை 1842-இல் சொன்னார். 1845-இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற அறிவியலாளர் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, இசைப் பயிற்சி உள்ளவர்களைத் தண்டவாளத்தருகே நிறுத்திக் கேட்க வைத்துச் சோதித்தார். அந்தச் சோதனையில் காதே கருவி.

ரேடியோ அலை ஒலி அலையா?

இல்லை. ரேடியோ அலை மின்காந்த அலை, ஒளியின் உறவு. ஊடகம் தேவையில்லை, வெற்றிடத்தில் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் ஓடும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை ஒலிபரப்பின் அலைநீளம் 3 மீட்டர். பாட்டின் அதிர்வுகள் அந்த அலையின் அதிர்வெண்ணைச் சிறிது மாற்றிப் பதியப்படுகின்றன. பெட்டி அதைப் பிரித்தெடுத்து ஒலிபெருக்கியை ஆட்டுகிறது. ஒலி பிறப்பது அங்கேதான்.

மின்னூட்டம், மின்னோட்டம்?

மின்னூட்டம் துகளின் பண்பு, அலகு கூலூம். ஓரிடத்தை ஒரு வினாடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பது மின்னோட்டம், அலகு ஆம்பியர். ஓர் ஆம்பியர் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள்.

எலக்ட்ரான் போகும் திசைக்கு எதிராக மின்னோட்டத்தின் அம்புக்குறி இருப்பதற்கு வரலாறுதான் காரணம். நேர், எதிர் என்ற பெயர்களை பெஞ்சமின் பிராங்க்ளின் 18-ஆம் நூற்றாண்டில் வைத்தார், மின்னோட்டம் நேரிலிருந்து எதிருக்கு ஓடுவதாக வழக்கமானது. எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டது 1897-இல். கணக்குகள் எல்லாம் பழைய திசையிலேயே சரியாக வருவதால் யாரும் மாற்றவில்லை.

சுவிட்ச் போட்டவுடன் விளக்கு எரிகிறதே, எலக்ட்ரான் அவ்வளவு வேகமா?

எலக்ட்ரான் ஊர்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் நகர்வு வேகம் வினாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கடக்க நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆனால் கம்பி நெடுகிலும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. தண்ணீர் நிரம்பிய குழாயில் இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் உடனே கொட்டுவது போல, சுவிட்ச் போட்டதும் மின்புலம் ஒளியின் வேகத்துக்கு நெருக்கமான வேகத்தில் பரவி, விளக்கில் உள்ள எலக்ட்ரான்களையே அசைக்கிறது. கயிற்றில் முடிந்த சிவப்பு நூலை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மாறுதிசை மின்னோட்டத்தில் இது இன்னும் வேடிக்கை. அதே கம்பியில் 50 ஹெர்ட்ஸில் எலக்ட்ரான்கள் சராசரியாக ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தூரம் முன்னும் பின்னும் ஆடுகின்றன, அவ்வளவுதான்.

மின்னழுத்தம் ஓடுமா?

ஓடாது. "220 வோல்ட் பாய்ந்தது" என்று செய்திகளில் எழுதுவது தவறு. மின்னழுத்தம் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருப்பது, பாய்வது மின்னோட்டம். மின்கம்பியில் அமரும் பறவைக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான். அதன் இரு கால்களும் ஒரே கம்பியில், ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. சிறகு இன்னொரு கம்பியைத் தொட்டால் கதை வேறு.

ஓம் விதி எல்லாப் பொருளுக்கும் பொருந்துமா?

ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாத உலோகக் கடத்திக்கு: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் வரும். 12 வோல்ட், 6 ஓம் என்றால் 2 ஆம்பியர். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு இதற்குக் கட்டுப்படாது. டங்ஸ்டன் இழை விளக்கிலும் குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதனால்தான் அத்தகைய விளக்குகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்தில் இழை அறுகின்றன.

தொடரிணைப்பு, பக்க இணைப்பு?

ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த தொடரில் மின்னோட்டம் ஒன்றே, மின்னழுத்தம் பங்காகும். எல்லாவற்றின் முனைகளும் அதே இரண்டு புள்ளிகளில் சேரும் பக்க இணைப்பில் மின்னழுத்தம் ஒன்றே, மின்னோட்டம் பங்காகும். 6 ஓமும் 3 ஓமும் தொடரில் 9 ஓம், பக்க இணைப்பில் 2 ஓம்.

மின்னியக்கு விசை ஒரு விசையா?

இல்லை, அதன் அலகு வோல்ட். மின்கலன் ஒரு கூலூமுக்குத் தரும் ஆற்றல். பெயர் பழையது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

கிலோவாட், கிலோவாட் மணி?

கிலோவாட் திறன், அதாவது ஆற்றல் செலவாகும் வீதம். கிலோவாட் மணி ஆற்றல். நாம் யூனிட் என்பது அதைத்தான். 1,000 வாட் சூடேற்றி ஒரு மணி நேரம் ஓடினால் 1 கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல். 9 வாட் எல்இடி விளக்கு அதே ஆற்றலில் 111 மணி நேரம் எரியும். "மணிக்கு இத்தனை கிலோவாட்" என்று சொல்லாதீர்கள். வாட்டுக்குள்ளேயே "வினாடிக்கு" அடங்கியிருக்கிறது.

மின்மாற்றி ஏன் "ம்ம்ம்" என்று முனகுகிறது?

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இது. 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்குகிறது. காந்தமாகும்போது இரும்பின் நீளம் மிகச் சிறிதளவு மாறும். வடக்கு தெற்கு எந்தப் பக்கம் காந்தமானாலும் மாற்றம் ஒரே மாதிரிதான் என்பதால், ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை நீளம் மாறுகிறது. எனவே நமக்குக் கேட்பது 100 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 120.

உருகி இருந்தால் மின்னதிர்ச்சி அடிக்காதா?

அடிக்கும். உருகியும் (ஃபியூஸ்) எம்சிபியும் (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பவை. மிகுபளு என்றால் ஒரே இணைப்பில் அளவுக்கு மீறிய கருவிகள். ஷார்ட் சர்க்யூட் என்றால் இரண்டு கம்பிகள் தடையின்றித் தொட்டுக்கொள்வது. இரண்டிலும் மின்னோட்டம் எகிறும், உருகி அறுந்துவிடும். மனித உடலில் 0.05 ஆம்பியர் அளவு போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 5 ஆம்பியர் உருகிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எர்த் கம்பி கருவியின் உலோக உறையைத் தரையோடு இணைத்து வைக்கிறது. உள்ளே கசிவு ஏற்பட்டால் மின்னோட்டம் அந்த வழியே போய் உருகியை அறுக்கும். உடல் வழியே கசிவதைப் பிடிக்க வேண்டுமானால், போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமாக இருக்கிறதா என்று ஒப்பிடும் கசிவு மின்தடுப்பான் தேவை. வீடுகளுக்கான வகை பொதுவாக 0.03 ஆம்பியர் வேறுபாடு வந்தாலே துண்டித்துவிடும்.